கைக்கு எவ்வளவு, கதைக்கு எவ்வளவு?

ஸ்காபரோவில் நாங்கள் வழக்கமாகச் சாமான் வாங்கும் பிளாசாவில், தமிழ்ப் பலசரக்குக் கடைக்கும் பல் வைத்தியருக்கும் நடுவே ஒரு சீன நூடுல்ஸ் கடை இருக்கிறது. பத்து மேசை. கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர் மாவை இழுத்தபடி நிற்பார். போன குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை, பதினாறு வயது மகளோடு அங்கே போனேன். ஆளுக்கொரு கிண்ணம் மாட்டிறைச்சி நூடுல்ஸ். ஊரில் இருக்கும் அம்மாவுக்கு இதையெல்லாம் சொல்வதில்லை. பில் வந்தபோது வாய் தவறிச் சொல்லிவிட்டேன்: "ஒரு சூப்புக்கு 18 டொலரா? முந்தி 11தானே!"

மகள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா, போன கிழமை டவுன்டவுனில பாஸ்தாவுக்கு 29 டொலர் குடுத்தனீங்கள். அப்ப ஒண்டும் சொல்லேல்லை. அது பெட்டியில இருந்து வந்த பாஸ்தா. இதை அந்த அங்கிள் எங்களுக்கு முன்னால நிண்டு செய்தவர்."

என்னிடம் பதில் இருக்கவில்லை. வீடு வரும்வரை வேறு ஏதோ கதைத்தேன். ஆனால் கேள்வி போகவில்லை. இருபது வருடங்களாக வேலை நிமித்தமும் சொந்த ஆசையிலும் பல நகரங்களில் சீன உணவகங்களில் சாப்பிட்டிருக்கிறேன். 8 டொலர் நூடுல்ஸிலிருந்து, பில்லைப் பார்க்கவே பயமான பல சுற்று விருந்துவரை. எது நல்லது, எது சுமார் என்று நண்பர்களுக்குத் தீர்ப்பும் சொல்லி வந்திருக்கிறேன். அந்தத் தீர்ப்புகளில் ஒரு விடயத்தை நான் ஒருபோதும் சோதித்துப் பார்க்கவில்லை: சீனச் சாப்பாட்டுக்கு என்ன விலை நியாயம் என்று நான் எதை வைத்து முடிவு செய்தேன்?

முதலில் அந்தக் கிண்ணத்தைப் பார்ப்போம். அது வடமேற்குச் சீனாவின் லான்ஜோ நகரத்து உணவு. ஹுய் என்ற சீன முஸ்லிம் மக்களுடையது. ஆகவே இறைச்சி ஹலால். கிண்ணத்துக்கு ஐந்து அடையாளம் சொல்வார்கள்: சூப் தெளிவாக இருக்க வேண்டும், முள்ளங்கி வெள்ளை, மிளகாய் எண்ணெய் சிவப்பு, கொத்தமல்லி பச்சை, நூடுல்ஸ் இளமஞ்சள். அந்த மஞ்சள் நிறமும் இழுபடும் தன்மையும் மாவோடு சேர்க்கும் காரப் பொருளிலிருந்து வருகின்றன. அந்தக் காலத்தில் ஒருவகைச் செடியை எரித்த சாம்பலில் இருந்து எடுத்தார்கள். இப்போது தூளாகவே கிடைக்கிறது. பிசைந்து, முறுக்கி, ஆறவிட்டு, மறுபடி பிசைந்த மாவைத்தான் இழுக்கிறார்கள். ஒருமுறை இழுத்து மடித்தால் இரண்டு இழை. இன்னொருமுறை இழுத்தால் நான்கு. எட்டாவது முறையில் 256. கணினித் துறையில் இருப்பவனுக்கு மனப்பாடமான எண் வரிசை இது. அந்த மனிதர் அதை எண்ணாமலே, ஒரு நிமிடத்துக்குள் கையால் செய்துவிடுகிறார்.

எங்கள் இடியப்பத்துக்கு உரல் இருக்கிறது. இழையின் பருமனை அச்சின் துளை தீர்மானிக்கும். இங்கே அச்சு இல்லை. மயிரிழை போல மெல்லியதும் பெல்ட் போல அகலமானதும் ஒரே மாவிலிருந்து, ஒரே கையிலிருந்து வருகின்றன. ஓர் இழை பருத்து இன்னோர் இழை மெலிந்தால் ஒன்று வேகாது, மற்றது குழைந்துவிடும். நாங்கள் சாப்பிட்ட கிண்ணத்தில் அப்படி எதுவும் இல்லை. மிளகாய் எண்ணெய் சற்றுக் கூடுதல். இறைச்சி இன்னும் இரண்டு துண்டு இருந்திருக்கலாம். ஆனால் சூப் ஆறாத வரைக்கும் நூடுல்ஸ் பல்லுக்கு ஈடுகொடுத்தது. கைத்திறனுக்கு மதிப்பெண் போடுவதென்றால் அந்த 29 டொலர்ப் பாஸ்தாவுக்கு மேலே போட வேண்டும். நான் மலிவு விலை கேட்டேன்.

இந்த எதிர்பார்ப்பு எனக்கு மட்டும் உரியதல்ல. இந்த நாட்டில் அதற்கு நீண்ட வரலாறு உண்டு. கனடாவின் கண்டம் கடக்கும் ரயில் பாதையில் சீனர்கள் உழைத்தார்கள்; அந்தப் பாதை முடிந்த 1885ஆம் ஆண்டிலேயே, நாட்டுக்குள் புதிதாக வரும் சீனர்கள்மீது 50 டொலர் தலைவரி விதிக்கப்பட்டது. 1903இல் அது 500 டொலராக உயர்ந்தது. 1923இல் சீனர் வருகையே ஏறக்குறைய முழுதாகத் தடுக்கப்பட்டது. அந்தச் சட்டம் 1947வரை நின்றது. மனைவி, பிள்ளைகள் சீனாவில். பல தொழில்களில் இடமில்லை. சமைக்கவும் உடுப்புத் தோய்க்கவும் மட்டும் வழி இருந்தது. புல்வெளி மாகாணங்களின் சின்னச் சின்ன ஊர்களில்கூட ஒரு சீன உணவகம் முளைத்தது இப்படித்தான். அங்கேயும் விடவில்லை. சீன முதலாளியின் கடையில் வெள்ளைக்காரப் பெண்கள் வேலை செய்யக்கூடாது என்று சஸ்காச்சுவான் மாகாணம் 1912இல் சட்டம் போட்டது. மூஸ் ஜோ என்ற ஊரின் உணவகக்காரரான குவொங் விங் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை போனார். 1914இல் தோற்றார்.

இப்படி நெருக்கப்பட்டவர் தன் கடையை எப்படி நடத்துவார்? நீண்ட நேரம் திறந்து வைப்பார். பக்கத்துக் கடையைவிட மலிவாகக் கொடுப்பார். வாடிக்கையாளருக்குப் பிடித்த இனிப்பையும் புளிப்பையும் சேர்ப்பார். மலிவு என்பது அந்தச் சமையலின் குணமல்ல, சமைத்தவரின் நிலைமை. காலப்போக்கில் நாங்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டோம். "நல்ல சீனக் கடை" என்றால் "மலிவான சீனக் கடை" என்றே பொருள் கொண்டோம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. லான்ஜோவிலேயே இந்த நூடுல்ஸ் மலிவாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். 2007இல் கடைகள் விலையை உயர்த்தியபோது நகர நிர்வாகமே தலையிட்டு உச்சவரம்பு விதித்தது. அங்கே அது உழைப்பாளியின் காலைச் சாப்பாடு. அங்கே மலிவு கேட்பவரும் செய்பவரும் ஒரே தெருவில் வசிப்பவர்கள். மாதம் பிறந்தால் சம்பளம் வாங்கும் ஆலோசகனான நான் ஸ்காபரோவில் மலிவு கேட்பது வேறு விடயம்.

சீனச் சமையலோடு எங்களவர்களின் மிக நெருங்கிய உறவு இந்த ஊரில் ஹக்கா கடைகள் வழியாகத்தான். சில்லி சிக்கன், மஞ்சூரியன், ஹக்கா நூடுல்ஸ். பிறந்தநாளா, பரீட்சை முடிவா, தட்டுக்கணக்கில் எடுத்து வருவோம். உறைப்பு எங்களுக்கு ஏற்றபடி இருக்கும். கொழும்பில் ஹொட் பட்டர் கணவாய் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அது பழக்கப்பட்ட உலகம். ஆனால் இந்தக் கடைகளில் பலவற்றை நடத்துபவர்கள் கொல்கத்தாவிலிருந்து வந்த ஹக்கா சீனர்கள் என்பதையோ, அவர்கள் ஏன் வந்தார்கள் என்பதையோ நான் பல வருடங்கள் கேட்டதில்லை. 1962இல் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் போர் மூண்டபோது, இந்தியாவில் பிறந்து வளர்ந்த சீன வம்சாவளியினர் ஏறத்தாழ 3000 பேர் ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டார்கள். சிலர் ஐந்து வருடங்கள்வரை அங்கே இருந்தார்கள். வெளியே வந்தபோது வீடும் கடையும் கைமாறியிருந்தன. அதன் பிறகு பலர் புறப்பட்டார்கள். கணிசமானோர் வந்து சேர்ந்த இடம் ரொறன்ரோ.

1983ஐத் தெரிந்த ஒரு சமூகம், 1962ஐத் தெரிந்த இன்னொரு சமூகத்திடம் மஞ்சூரியன் வாங்கிக்கொண்டே, "கொஞ்சம் விலை குறைக்கேலாதோ" என்று கேட்டுக்கொண்டிருந்தது. நானும் கேட்டிருக்கிறேன்.

நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் உணவு பற்றிய ஆய்வுகளை நடத்தும் கிருஷ்ணேந்து ராய், 2016இல் வெளியான தன் நூலில் இதை விலைகளைக் கொண்டே விளக்குகிறார். ஒரு நகரத்தில் எந்த நாட்டுச் சாப்பாட்டுக்கு மக்கள் அதிகம் கொடுக்கிறார்கள், எதற்குக் குறைவாகக் கொடுக்கிறார்கள் என்று பார்த்தால், அந்த நாட்டு மக்களை அந்த நகரம் எந்தப் படியில் வைத்திருக்கிறது என்பது தெரியும் என்பது அவர் வாதத்தின் சாரம். ஜப்பானியச் சமையல் மேலே ஏறியது, ஜப்பான் பணக்கார நாடாகியதோடும் அங்கிருந்து ஏழைகள் பெருமளவில் குடியேறாததோடும் தொடர்புடையது. சீன, இந்தியச் சமையல்கள் கீழ்ப்படியில் நின்றது, அவற்றைச் சமைத்தவர்கள் கூலிகளாகவும் அகதிகளாகவும் வந்திறங்கியதோடு தொடர்புடையது. நாக்கு தனியாகத் தீர்ப்புச் சொல்வதில்லை.

இந்த வாதத்துக்கு எங்கள் ஊரே ஒரு சாட்சி. மிஷலின் வழிகாட்டி 2022 செப்டெம்பரில் முதன்முதலாக ரொறன்ரோவுக்கு நட்சத்திரங்கள் வழங்கியது. 13 உணவகங்கள். அவற்றில் 5 ஜப்பானிய உணவகங்கள். சீன உணவகம் ஒன்றுகூட இல்லை. சீன வம்சாவளியினர் 6 லட்சத்துக்கு மேல் வாழும் பெருநகரம் இது. மார்க்கத்திலும் ரிச்மண்ட் ஹில்லிலும் உள்ள சமையலறைகளைப் பற்றி வட அமெரிக்கா முழுதும் பேசுகிறார்கள். அதே ஆண்டு வன்கூவரில் 8 உணவகங்களுக்கு நட்சத்திரம் கிடைத்தது. அவற்றில் ஒன்று பீக்கிங் வாத்துக்குப் பெயர்போன சீன உணவகம். ஆகவே கதவு முழுதாக மூடியிருக்கவில்லை என்றும் சொல்ல வேண்டும்.

கதவு எப்படித் திறக்கிறது என்பதற்கு ஹொங்கொங்கில் ஒரு பாடம் இருக்கிறது. அங்கே ஃபோர் சீசன்ஸ் ஹோட்டலில் உள்ள லுங் கிங் ஹீன், மிஷலினின் மூன்று நட்சத்திரங்களையும் பெற்ற முதல் சீன உணவகம். அதற்கான அறிவிப்பு 2008இன் இறுதியில் வந்தது. அங்கே டிம் சம் செய்த மாக் குவாய் புய், 2009இல் மொங் கொக் என்ற நெரிசலான பகுதியில் டிம் ஹோ வான் என்ற சின்னக் கடையைத் திறந்தார். இருபது சொச்ச இருக்கைகள். சுட்ட பன்னுக்குள் இனிப்புப் பன்றி இறைச்சி வைத்துக் கொடுத்தார். அதற்கும் ஒரு நட்சத்திரம் கிடைத்தது. உலகத்திலேயே மலிவான நட்சத்திர உணவகம் என்று பத்திரிகைகள் எழுதின.

கை ஒன்றுதான். ஹோட்டலில் ஒரு விலை, தெருவில் ஒரு விலை. இடையில் உள்ள வித்தியாசம் மேசைத் துணி, துறைமுகக் காட்சி, பரிமாறுபவர் சொல்லும் விளக்கம். அவற்றுக்கும் உழைப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து எந்தப் பில்லைக் கண்டாலும் எனக்கு ஒரு கணக்கு ஓடுகிறது: இதில் கைக்கு எவ்வளவு, கதைக்கு எவ்வளவு?

கதைக்கு அதிகம் கொடுத்து, அதற்காக வருத்தப்படாத ஒரு மாலையும் உண்டு. லண்டனுக்கு வேலையாகப் போனபோது விக்டோரியா ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள ஏ. வொங் உணவகத்தில் சாப்பிட்டேன். ஆசியாவுக்கு வெளியே இரண்டு மிஷலின் நட்சத்திரங்கள் பெற்ற முதல் சீன உணவகம் என்று 2021இல் பேசப்பட்டது. அதே இடத்தில் முன்பு அண்ட்ரூ வொங்கின் பெற்றோர் ஒரு சாதாரணச் சீன உணவகம் நடத்தினார்கள். மகன் ஒக்ஸ்ஃபோர்டில் வேதியியலும் பிறகு லண்டன் பொருளியல் கல்லூரியில் மானிடவியலும் படிக்கப் போனவர். தந்தை இறந்தபின் கடைக்குத் திரும்பினார். 2012இல் புதிதாகத் திறந்தபோது வைத்த பெயரில் உள்ள 'ஏ', அவருடைய பெயரின் முதலெழுத்து மட்டுமல்ல. அல்பேர்ட், அனி என்ற பெற்றோரின் முதலெழுத்தும்.

சீனாவின் பல பிரதேசங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சிறு சிறு தட்டுகளில் காட்டுவதே அந்த விருந்தின் திட்டம். எனக்கு நினைவில் நிற்பது சூப் நிரம்பிய ஒரு சிறு கொழுக்கட்டை. வழமையாகப் பக்கத்தில் கிண்ணத்தில் வரும் இஞ்சியும் வினிகரும் அதோடேயே சேர்ந்து வந்தன. தோல் மிக மெல்லியது; ஆனாலும் கிழியவில்லை. வாயில் வைத்ததும் சூடு, புளிப்பு, கொழுப்பு என்ற ஒழுங்கில் உடைந்தது. இது கதையல்ல, கைதான். ஸ்காபரோ அங்கிள் மாவை இழுக்கும் அதே வகையான கை. வேறுபாடு என்னவென்றால், இங்கே அந்தக் கையின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அன்றைய பில்லுக்கு ஸ்காபரோவில் பதினைந்து கிண்ணத்துக்கு மேல் நூடுல்ஸ் வாங்கலாம்.

பல சுற்று விருந்தின் பெரிய நன்மை இதுதான்: சீனச் சமையல்காரர் ஒருவர் பெயருள்ள ஆளாகிறார். நூறு வருடங்களாக "சீனாக்காரன் கடை" என்று மட்டும் அறியப்பட்ட ஓரிடத்தில் ஒரு மனிதர், அவருடைய படிப்பு, அவருடைய தாய் தந்தை எல்லாம் தெரிய வருகின்றன. எழுத்தை மதிப்பவர்கள் இதைச் சின்ன விடயம் என்று சொல்ல முடியாது.

இழப்பும் இருக்கிறது. அது குறிப்பிட்ட ஓர் உணவகத்தின் குறையல்ல, அந்த வடிவத்தின் இயல்பு. சீன விருந்தின் மையம் வட்ட மேசை. மார்க்கத்தில் ஞாயிறு காலை டிம் சம் சாப்பிடப் போனால் பார்க்கலாம்: மூன்று தலைமுறை ஒரே மேசையில். நடுவே சுழலும் தட்டு. பேத்தி பாட்டிக்கு முதலில் தேநீர் ஊற்றுவாள். ஊற்றியவருக்கு நன்றியாக மற்றவர்கள் இரண்டு விரலால் மேசையைத் தட்டுவார்கள். மீன் வந்தால் தலை பெரியவர் பக்கம் திரும்பும். கடைசி இறால் கொழுக்கட்டையை யார் எடுப்பது என்று எல்லோரும் தயங்க, அது கொஞ்ச நேரம் அப்படியே இருக்கும். அந்தத் தயக்கமும் சாப்பாட்டின் பகுதிதான். சீனத் திருமண விருந்திலும் எட்டு, பத்து என்று சுற்றுகள் உண்டு. ஆகவே சுற்றுக்கள் புதிதல்ல. ஆளுக்கொரு தட்டு என்பதே பொதுத் தட்டு பழகிய கைக்குப் புதிது. என் தட்டில் ஒரு துண்டு, உங்கள் தட்டில் ஒரு துண்டு. யாரும் யாருக்கும் எடுத்து வைக்கத் தேவையில்லை. நான் லண்டனில் தனியாகச் சாப்பிட்டேன். எந்தக் குறையும் தெரியவில்லை. குறை தெரியாமல் இருந்தது பிறகுதான் உறுத்தியது.

இது எங்களைத் தொடும் இடம் ஒன்று உண்டு. எங்கள் சாப்பாடும் இப்போது அந்தப் படியில் ஏறிக்கொண்டிருக்கிறது. அப்பத்துக்கும் கூழுக்கும் பெரிய தட்டும் சின்ன விளக்கமும் வரத் தொடங்கிவிட்டன. எனக்கு அதில் மகிழ்ச்சி. எங்கள் பிள்ளைகளில் ஒருவர் தாய் தந்தையின் முதலெழுத்தைக் கடையின் பெயரில் வைத்து நட்சத்திரம் வாங்கினால் நானும் பெருமைப்படுவேன். ஆனால் மேலே ஏறிய ஒரு கடையைக் காட்டி "எங்கள் சாப்பாட்டுக்கு மதிப்பு வந்துவிட்டது" என்று சொல்லிக்கொண்டு, கீழே உள்ள நூறு கடைகளில் மலிவு கேட்போமானால், அந்த மதிப்பு சாப்பாட்டுக்கு வந்ததல்ல. கதைக்கு வந்தது.

ஆகவே விமர்சனம் எழுதுபவர்களிடமும், என்னைப்போல் நண்பர்களுக்குத் தீர்ப்புச் சொல்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். இரண்டு இடத்துக்கும் ஒரே அளவுகோலை எடுத்துச் செல்லுங்கள். பல சுற்று விருந்தில் கையைத் தேடுங்கள். கதை நன்றாக இருக்கிறது என்பதற்காக உலர்ந்த வாத்தை மன்னிக்காதீர்கள். நூடுல்ஸ் கடையில் கதையைக் கேளுங்கள். எந்த ஊர், யாரிடம் பழகினீர்கள் என்று. நான் கேட்டேன். கண்ணாடிக்குப் பின்னால் நிற்பவருக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் வரும். தோள்மூட்டைத் தொட்டுக் காட்டினார். பதினெட்டு வருடமாக இழுக்கிறாராம். இரவில் அந்தக் கையைத் தூக்க முடியாதாம். "மலிவான நல்ல கடை" என்று பரிந்துரைப்பதை அன்றோடு நிறுத்தினேன். "நல்ல கடை" என்று மட்டும் சொல்கிறேன்.

போன மாதம் மகளோடு கொத்துரொட்டி வாங்கப் போனோம். தட்டின் முன்னால் நின்றவர் இரண்டு தகட்டாலும் ரொட்டியைக் கொத்திக்கொண்டிருந்தார். மணிக்கட்டில் பட்டி கட்டியிருந்தார். சுவரில் பழைய விலையின்மேல் புதிய விலை ஒட்டியிருந்தது. எனக்குப் பின்னால் நின்ற ஒருவர், "கொத்துக்கு இவ்வளவோ, அநியாயம்" என்றார். என் வாயும் திறந்தது. மகள் என்னைப் பார்த்தாள். காசைக் கொடுத்துவிட்டு, "அண்ணை, கை நோகுதோ?" என்று கேட்டேன். அவர் கொத்துவதை நிறுத்தாமல் சிரித்தார்.